நல்ல சதையை ஏன் வெட்டினார்கள்?

நமது நிருபர்

“கொட்டைப் பாக்கு அளவு புண்தானே இருந்தது? அதற்கு இவ்வளவு பெரிய வெட்டா? நல்ல சதையை எல்லாம் ஏன் எடுத்தார்கள்?”

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரிக்கிற அன்று அநேகமாக எல்லா வீட்டாரும் கேட்கிற கேள்வி இது. சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். சிலர் டாக்டரிடம் கேட்கப் பயந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். நோயாளியோ கண்ணாடியைப் பார்க்கவே மறுக்கிறார். கன்னம் ஒடுங்கி, பேச்சுக் குழறி, மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் மனிதரைப் பார்க்கிறவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த ‘நல்ல சதை’யில்தான் அவருடைய ஆயுளே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? எடுத்த கட்டி எவ்வளவு பெரியது என்று நாம் எல்லோரும் விசாரிக்கிறோம். கட்டியைச் சுற்றி எடுத்த நல்ல சதை எவ்வளவு அகலம் என்று யாரும் விசாரிப்பதில்லை. டாக்டர்களோ ரிப்போர்ட் வந்ததும் முக்கியமாகத் தேடிப் பார்ப்பது அந்த அகலத்தைத்தான். ‘மார்ஜின்’ என்று அதற்குப் பெயர். நோட்டுப் புத்தகத்தில் ஓரத்தில் கோடு போட்டு இடம் விடுகிறோமே, அதே மார்ஜின்தான்!

மேற்கே போகும் சாலை

கோயம்பேட்டைத் தாண்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. வானகரத்திலிருந்து வடக்கே அம்பத்தூருக்குப் பிரிகிற சாலையில் இருக்கிறது அயனம்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த கிராமம். ஏரி இன்னும் இருக்கிறது; சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகள் எழும்பிவிட்டன.

இந்த வட்டாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அயனம்பாக்கம் சாலையிலேயே அப்போலோ ஆஸ்பத்திரி ஒன்று நிற்கிறது. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா ஆஸ்பத்திரி. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி. வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி. பல் டாக்டர்களையே உற்பத்தி செய்கிற பிரதேசம் என்று சொல்லலாம்!

எதற்காக இந்த ஊர்க் கதை என்கிறீர்களா? வயிற்றிலோ நுரையீரலிலோ வருகிற புற்றுப் போல, வாய்ப் புற்று உள்ளே ஒளிந்திருப்பதில்லை. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பல் வலி என்று போகிறவரிடம் முதலில் அதைக் கண்டுபிடிப்பவர் பல சமயங்களில் பல் டாக்டர்தான். கண்ணுக்குத் தெரிகிற நோய், பஸ்ஸில் போய்க் காட்டக்கூடிய தூரத்தில் ஆஸ்பத்திரி. அப்படியும் நம் நாட்டில் பெரும்பாலான நோயாளிகள் முற்றிய பிறகுதான் வந்து சேருகிறார்கள். முற்றி வருகிறவர்களுக்கு, நாம் இங்கே பேசப்போகிற மார்ஜின் கிடைப்பதும் கஷ்டமாகிவிடுகிறது.

நோய்க்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் இரவு ஷிப்டு வேலை. தூக்கத்தை விரட்ட உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சிட்டிகை புகையிலை. வீட்டிலோ வெற்றிலைப் பெட்டியோடு பாட்டி. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-ம் வருஷம் தடை வந்தது. பழக்கம் மட்டும் ஒழிந்தபாடில்லை. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலை கலக்காத வெற்றிலை பாக்கும், ஏன், பாக்கு மட்டுமே கூட, புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் திட்டமாக அறிவித்துவிட்டது. 2020-ல் மாத்திரம் இந்தியாவில் புதிதாக உதட்டிலும் வாயிலும் புற்று கண்டவர்கள் ஒரு லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நெய்யூரில் தொடங்கிய கதை

வாய்ப் புற்று நமக்குப் புதிய விருந்தாளி அல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த டாக்டர் பென்டல், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ம் வருஷமே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1933-ல் அதே ஊரிலிருந்து டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி ‘லான்செட்’ பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப் புறப்பட்ட கோஷ்டியில் இருந்த டாக்டர் சாமர்வெல்லும் இந்த நெய்யூரில்தான் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்தார்.

பிறகு சென்னையின் முறை. உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்த நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல வருஷம் போராடினார். 1952-ல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தங்கள் தோளில் சுமந்து வளர்த்தார்கள். வாய்ப் புற்றுக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்து 1959-லேயே இருவரும் எழுதினார்கள். கத்தி மட்டும் போதாத அளவுக்கு முற்றிவிட்ட கன்னப் புற்றுக்கு, மருந்தையும் கதிரியக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1971-ல் விவரித்தார்கள். டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19-ந் தேதி காலமாகும் வரையில் அந்த ஆஸ்பத்திரிதான் அவருக்கு வீடு.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும், கத்தியால் எடுக்கக்கூடிய வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. அந்த ஆபரேஷனில் கட்டியை எடுப்பது பாதி வேலை. அதன் ஓரத்தைச் சரியாக எடுப்பதுதான் மறு பாதி.

கத்தரிக்காய்க் கணக்கு

கத்தரிக்காய் நறுக்குகிறீர்கள். ஓரிடத்தில் சொத்தை. அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுக் காயைக் குழம்பில் போடுவீர்களா? மாட்டீர்கள். கறுப்புக்கு அப்பாலும் விரற்கடை நீளம் சேர்த்து அறுத்து எறிவீர்கள். புழு எதுவரையில் போயிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது அல்லவா?

புற்றும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற கட்டியின் கரையோடு நோய் நின்றுவிடுவதில்லை. அருகம்புல் வேர் போல மெல்லிய இழைகள் சதைக்குள்ளே ஓடியிருக்கும். சில சமயம் நரம்பைப் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாகவே ஊர்ந்துபோகும். விரலால் தொட்டால் தெரியாது. கண்ணால் பார்த்தாலும் தெரியாது. ஆகையால்தான் டாக்டர், கட்டியின் கரையிலிருந்து நாலா பக்கமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டு வெட்டுகிறார். அடியிலும் அதே போல ஆழம் பார்த்து எடுக்கிறார்.

இப்போது கொட்டைப் பாக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புண் 2 சென்டிமீட்டர். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வெட்டின் குறுக்களவு 4 சென்டிமீட்டர் ஆகிவிட்டது! பரப்பளவில் பார்த்தால் புண்ணைப் போல நாலு மடங்கு. “இவ்வளவு பெரிய வெட்டா?” என்று நாம் திகைப்பதற்குக் காரணம் இந்தச் சின்னக் கணக்குத்தான். டாக்டர் தாராளமாக வெட்டித் தள்ளிவிட்டார் என்று அர்த்தமில்லை.

நனைத்தால் சுருங்கும் துணி

எடுத்த சதைத் துண்டு அடுத்து லாபரட்டரிக்குப் போகிறது. பாதாலஜி டாக்டர் அதன் ஓரங்களுக்கு மை தடவுகிறார். பிறகு பார்மலினில் ஊறவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார். மை பட்ட ஓரத்துக்கும் கடைசிப் புற்று அணுவுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார். நாம் சொல்லும் மார்ஜின் இந்த அளவுதான்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. புதுத் துணியை நனைத்து உலர்த்தாமல் ரவிக்கை தைத்தால் என்ன ஆகும்? முதல் சலவையில் பிடித்துக்கொள்ளும். சதையும் அதே போலச் சுருங்குகிறது. வெட்டியவுடனே ஓரளவு; பார்மலினில் கிடந்து இன்னும் கொஞ்சம். மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் இதை அளந்தே பார்த்தார்கள். நாக்கிலும் கன்னத்து உட்புறத்திலும் எடுத்த ஓரம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது என்று 2005-ல் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆக, ஆபரேஷன் மேஜையில் ஒரு சென்டிமீட்டராக இருந்தது லாபரட்டரியில் 8 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஓடிய வேர் அதிலும் ஒரு பகுதியைத் தின்றிருக்கும். மிச்சம் 5 மில்லிமீட்டராவது இருந்தால் டாக்டர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் ‘கிளியர்’, ஓரம் சுத்தம். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் ‘குளோஸ்’. நோய் நெருங்கி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானால், அல்லது மை தடவிய இடத்திலேயே புற்று இருந்தால், ‘இன்வால்வ்டு’ அல்லது ‘பாசிட்டிவ்’. ‘பாசிட்டிவ்’ என்றதும் நல்ல சேதி என்று மகிழ்ந்து போய்விடாதீர்கள்! இங்கே அதற்கு நேர்மாறான அர்த்தம். ஓரத்தில் நோய் மிச்சம் என்று பொருள்.

எண்கள் சொல்வது என்ன?

ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு துவரம் பருப்பின் அளவு. அதற்கு இத்தனை மகத்துவமா?

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 200 வாய்ப் புற்று நோயாளிகளின் கதையை 2003-ல் வெளியிட்டார்கள். ஓரம் சுத்தமாக இருந்தவர்களில் 100-க்கு 78 பேர் ஐந்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். நோய் நெருங்கி நின்றவர்களில் 47 பேர். ஓரத்திலேயே நோய் இருந்தவர்களில் 11 பேர்தான். இந்தக் கடைசிக் கூட்டத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, ஓரம் குறைந்துபோனால் டாக்டரின் கைப்பிசகு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பொல்லாத புற்றுத்தான் வேரை அதிகம் நீட்டுகிறது. அப்படிப்பட்ட புற்றில்தான் ஓரமும் குறைந்துபோகிறது. தாடை எலும்பு, கண் குழி, பெரிய இரத்தக் குழாய் என்று கத்தி மேற்கொண்டு போக முடியாத இடங்களும் உண்டு. ஓரம் என்பது டாக்டரின் கைவண்ணத்துக்கு மார்க்குப் போடும் அட்டை மாத்திரம் அல்ல. நோயின் குணத்தைக் காட்டுகிற கண்ணாடியும் அதுதான். எப்படியிருந்தாலும், அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று வழி காட்டுவது அந்த மில்லிமீட்டர்தான்.

கப்பலில் நடந்த ஆபரேஷன்

ஓரத்தின் அருமையை அறிந்த டாக்டர் ஒருவரைப் பற்றி ருசிகரமான சரித்திரம் இருக்கிறது. 1893-ம் வருஷம். அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டின் வாயில், மேல் அண்ணத்தில் ஒரு புண். நாட்டில் பணத் தட்டுப்பாடு. ஜனாதிபதிக்குப் புற்று என்று தெரிந்தால் வியாபார உலகமே கவிழ்ந்துவிடும் என்று பயம். ஆகவே ஜூலை முதல் தேதி, ‘ஒனைடா’ என்ற உல்லாசக் கப்பலில், ஓடுகிற தண்ணீரின் மேல், பரம ரகசியமாக ஆபரேஷன் நடந்தது! டாக்டர் ஜோசப் பிரையன்ட் இடது மேல் தாடையில் ஒரு பெரும் பகுதியையும் பல்லையும் எடுத்தார். முகத்தின் வெளிப்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பிரையன்ட் மட்டும் நிம்மதியாக இல்லை. காயத்தின் ஓரத்தில் ஓரிடம் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஜூலை 17-ந் தேதி ஜனாதிபதியை மறுபடியும் அதே கப்பலுக்கு வரவழைத்து, அந்த இடத்தையும் எடுத்துவிட்டார். ரப்பரில் ஒரு அண்ணம் செய்து பொருத்தினார்கள். ஜனாதிபதி பழையபடி பிரசங்கம் செய்தார். அவர் காலமானது 1908-ல். புற்று திரும்பவே இல்லை. மெதுவாக வளருகிற ஜாதிப் புற்று அது என்று பிற்காலத்தில் சோதித்துக் கண்டார்கள். அந்த அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் நாட்டின் தலைவரிடமே போய், “ஓரம் சரியில்லை, இன்னொரு தடவை வெட்ட வேண்டும்” என்று சொன்ன பிரையன்டின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

மனோதத்துவ மேதை பிராய்டின் கதை வேறு விதம். 1923-ல் அவருக்கு வாயில் முதல் ஆபரேஷன் நடந்தது. அது போதவில்லை, அதே வருஷம் வேறு டாக்டர் பெரிய ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. பிறகு 1939-ல் இறக்கும் வரையில் மொத்தம் முப்பதுக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள்! இத்தனைக்கும் நடுவில் சுருட்டை அவர் விட்டபாடில்லை. புகையிலை பட்ட வாய், உழுது விதைத்த வயல் மாதிரி. ஓரிடத்தில் களையைப் பிடுங்கினால் இன்னோரிடத்தில் முளைக்கும். சிக்காகோ டாக்டர் சுலாட்டரும் அவருடைய சகாக்களும் 783 நோயாளிகளை ஆராய்ந்து, 1953-ல் இதைத்தான் சொன்னார்கள். வாயின் தோல் முழுவதுமே கெட்டிருக்கும். ஓரம் சுத்தமாக எடுத்த பிறகும் வேறிடத்தில் புற்று கிளம்பலாம் என்று. ஆபரேஷன் முடிந்த பிறகும், “இனிமேல் என்ன, ஒரே ஒரு வெற்றிலை” என்று கெஞ்சுகிறவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதில் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே வைத்த சதை

“ஓரம் சுத்தமா என்று ஆபரேஷன் நடக்கும்போதே பார்க்க முடியாதா?” என்று கேட்கலாம். முடியும். 1905-ல் அமெரிக்காவில் மேயோ சகோதரர்களின் ஆஸ்பத்திரியில் இதே கேள்வி எழுந்தது. பாதாலஜி டாக்டர் லூயி வில்சன் ஒரு யுக்தி செய்தார். கடுங்குளிர் காலம். சதைத் துண்டை ஜன்னலுக்கு வெளியே வைத்தார், உறைந்து கட்டியாகிவிட்டது. மெல்லியதாகச் சீவி, நீலச் சாயம் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பதில் சொல்லிவிட்டார்!

இன்று ஜன்னல் தேவையில்லை. உறைய வைக்க யந்திரம் இருக்கிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, சுமார் அரை மணிக்குள், ‘பிரோசன் செக்ஷன்’ பதில் வந்துவிடும். ஓரத்தில் நோய் என்றால் அங்கேயே இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். ஆனால் இதையும் பிரம்மாஸ்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பை இப்படிச் சீவிப் பார்க்க முடியாது. எடுத்துப் பார்த்த துண்டில் நோய் இல்லை என்றால், பார்க்காத துண்டிலும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆகையால் கடைசித் தீர்ப்பு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து வருகிற முழு ரிப்போர்ட்தான்.

ஓரம் குறைந்துபோனால்?

வீட்டார் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஆபரேஷன் முடிந்தது, தையல் பிரித்தாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று. “இனி ஆண்டவன் விட்ட வழி” என்று ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போகிறார்கள். அந்த இரண்டு மாதம் விலை மதிப்பில்லாதது.

ஓரத்தில் நோய் இருந்தால், முடிந்தால் மறுபடியும் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். இல்லாவிட்டால் கதிரியக்க சிகிச்சை. அதோடு ‘சிஸ்பிளாட்டின்’ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஓரத்தில் நோய் உள்ளவர்களுக்கும், கழுத்து நெறிக்கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளிவந்தவர்களுக்கும் பலன் அதிகம் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு ஆராய்ச்சிகள் 2004-ல் காட்டின. இந்தச் சிகிச்சையை ஆபரேஷன் நடந்த ஆறு வாரத்துக்குள் ஆரம்பித்துவிடுவது உத்தமம். ஆரம்பிக்கும் முன் சொத்தைப் பல்லைப் பல் டாக்டரிடம் காட்டிச் சரி செய்துகொள்ள வேண்டும்; கதிரியக்கம் பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் புண் ஆறுவது கஷ்டம். ஆறு வாரம் என்பது கேட்க நீளமாக இருந்தாலும், காயம் ஆறவும் ரிப்போர்ட் வரவும் பல் பார்க்கவும் சரியாகப் போய்விடும். நல்ல நாள் பார்க்க அதில் இடம் இல்லை.

கழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “வாயில்தானே நோய், கழுத்தில் ஏன் வெட்டினார்கள்?” என்பது இன்னொரு மனக்குறை. அதற்கும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி பதில் வைத்திருக்கிறது. 2004 முதல் 2014 வரையில் அங்கே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. கழுத்தில் நெறிக்கட்டி எதுவும் தட்டுப்படாத ஆரம்ப நிலை நோயாளிகளில் பாதிப் பேருக்கு அப்போதே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மறு பாதிப் பேருக்கு, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் கூட்டத்தில் 100-க்கு 80 பேரும், காத்திருந்த கூட்டத்தில் 67 அல்லது 68 பேரும் உயிரோடிருந்தார்கள். 2015-ல் வெளியான இந்த முடிவு உலகம் பூராவும் டாக்டர்களின் வழக்கத்தை மாற்றியது.

முகம் என்ன ஆகும்?

“டாக்டர், கொஞ்சமாக எடுங்கள். பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், அவர் சபையில் உட்கார வேண்டும்” என்று கெஞ்சுகிற மனைவிமார் உண்டு. “எனக்கு எதுக்குடீ இந்த வயசில் இதெல்லாம்? முகம் கோணிப்போய்ப் பேரன் பேத்திகள் பயந்து ஓடவா?” என்று மகளிடம் கண்ணைத் துடைத்துக்கொள்கிற தாய்மார் உண்டு. அந்தப் பயத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. சாப்பாடும் பேச்சும் சிரிப்பும் முகத்தில்தானே இருக்கின்றன?

ஆனால் முகத்தைக் காப்பாற்ற ஓரத்தைக் குறைப்பது, கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது போல. நோய் திரும்பி வந்தால் இரண்டாவது வெட்டு முதல் வெட்டை விடப் பெரிதாக இருக்கும். பழைய காலத்தில் டாக்டர்களுக்கே ஒரு தயக்கம் இருந்தது; இவ்வளவு பெரிய பள்ளத்தை எதை வைத்து மூடுவது? இன்று அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. மார்புத் தசையைத் தோலோடு மேலே திருப்பிக் கன்னத்தை மூடும் முறை 1979-ல் வந்தது. மணிக்கட்டை ஒட்டிய மெல்லிய தோலை இரத்தக் குழாயோடு எடுத்து நாக்குக்கு வைக்கிறார்கள். காலின் சின்ன எலும்பை எடுத்துத் தாடை எலும்பாக வளைத்துப் பொருத்துகிறார்கள். மூட வழி இருப்பதால்தான் தாராளமாக ஓரம் எடுக்க முடிகிறது. ஆகவே, “கொஞ்சமாக எடுங்கள்” என்று கேட்பதற்குப் பதிலாக, “எடுத்த இடத்தை எப்படி மூடுவீர்கள்? பேச்சுப் பயிற்சி யார் கொடுப்பார்கள்?” என்று கேளுங்கள். செலவைப் பற்றிய கவலைக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

பெரும்பாலான குடும்பங்களில் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பத்திரப்படுத்துகிறவர் வீட்டு அம்மாள்தான். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்:

1. மார்ஜின் எத்தனை மில்லிமீட்டர்? மிகக் குறைவாக இருக்கும் இடம் எது? பக்கத்து ஓரமா, அடி ஆழமா?

2. புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது? நோய் எந்த நிலை என்று தீர்மானிப்பதில் இப்போது அகலத்தோடு ஆழத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

3. கழுத்தில் எத்தனை நெறிக்கட்டிகள் எடுத்தார்கள்? எத்தனையில் நோய்? உறையைத் தாண்டி வந்திருக்கிறதா?

4. நரம்பு ஓரமாகவோ இரத்தக் குழாய்க்குள்ளோ நோய் போயிருக்கிறதா?

5. மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா? வேண்டுமானால் எந்தத் தேதியில் ஆரம்பம்?

படித்த டாக்டர் யாரும் இதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பி வருகிற புற்றில் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடுகிறது. ஆகவே, “நன்றாகத்தானே இருக்கிறார்” என்று சொல்லிச் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இத்தனை பெரிய வெட்டே வேண்டாமல் செய்யவும் ஒரு வழி இருக்கிறது. அரை சென்டிமீட்டர் புண்ணாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்தாலும் வெட்டு சின்னதுதான். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996 முதல் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஜனங்களின் வாயைப் பார்த்தார்கள். வெறும் கண்ணால் பார்த்ததுதான்! புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு 100-க்கு 34 வீதம் குறைந்தது என்று 2005-ல் கணக்குக் காட்டினார்கள்.

அவர்கள் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், வீட்டுப் பெரியவர்களை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல் செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் கட்டி, மூன்று விரல் நுழைய முடியாமல் இறுகிப்போன வாய். இவற்றில் ஒன்று இருந்தாலும் மஞ்சளும் தேனும் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மறு நாளே பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அயனம்பாக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு பஸ் சார்ஜ் தூரம்தான்.